வகுப்பே சேர்ந்து சொன்ன வார்த்தை

சோமனூரில் கரண்ட் போகவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் என் சித்தியாகத்தான் இருப்பாள். ஊரில் மற்ற எல்லோரும் கரண்ட் போனால் திட்டுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் கூலி கிடையாது. சித்திக்கோ தறி நின்றால்தான் தூக்கம் வரும்.

எங்கள் வீட்டில் முன்னால் இரண்டு அறை, பின்னால் தறிக்கூடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைச் சத்தத்தைத் தடுக்கக் கட்டவில்லை. பஞ்சு பறந்து வந்து சோற்றில் விழாமல் இருக்கக் கட்டினார்கள். அந்த வேலையையும் அது ஒழுங்காகச் செய்யவில்லை. அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். விடியும்போது தொடங்கும் சத்தம் நாங்கள் படுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது காதிலேயே விழாது. ஆனால் அதை மீறிப் பேசிப் பேசித் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தொண்டை பெரிதாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் பென்சில் கேட்பதைக்கூட ஆளைக் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோலக் கேட்போம். கேட்போம் என்று என்னையும் சேர்த்துச் சொல்வது தவறு. நான் பேசவே மாட்டேன். பென்சில் இல்லாவிட்டால் எழுதாமல் இருந்துவிடுவேன்.

அம்மாவும் சித்தியும் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவர்கள். அங்கே பொழுது சாய்ந்தால் பட்டியில் ஆடு தும்முவதுகூடக் கேட்கும். அம்மா கல்யாணமாகி வந்து தறிச் சத்தத்துக்குப் பழகிவிட்டாள். சித்தி பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் ஒரு பகுதியாக இரண்டு மாதம்போல ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகவேண்டும். அவளுக்குக் கிடைத்தது எங்கள் அரசுப் பள்ளிக்கூடம். அதிலும் என் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் பாடம். அதனால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். எங்கள் வீட்டில் பஞ்சுக்கு மட்டும் எப்போதும் குறைவில்லை.

சித்தி வருவதற்கு முன்னால் எங்கள் இங்கிலீஷ் பாடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வாத்தியார் பாட்டை வாசிப்பார். அருஞ்சொற்பொருள் சொல்வார். பிறகு கைடில் உள்ள பதிலை மனப்பாடம் செய்யச் சொல்வார். எந்தப் பாட்டுக்கும் பதில், கவிஞர் இயற்கையின் அழகை வர்ணிக்கிறார் என்றுதான் தொடங்கும். அதனால் நாங்கள் ஒரே ஒரு பதிலை நன்றாகப் படித்து வைத்திருந்தோம். அரையாண்டுப் பரீட்சையில் போரில் செத்துப்போன சிப்பாயைப் பற்றிய பாட்டுக்கும் வகுப்பில் பாதிப் பேர் இயற்கையின் அழகைத்தான் எழுதினார்கள். வாத்தியாரும் பாதி மதிப்பெண் போட்டார்.

சித்தி கைடை மூடி வைக்கச் சொன்னாள். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவள் சொல்லவே மாட்டாள். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வாள். எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது, யார் என்ன செய்கிறார்கள், யார் பேசுகிறார்கள், எதை எடுத்துவிட்டால் பாட்டு சரிந்துபோகும் என்று கேட்பாள். கல்லூரியில் அதற்கு ஸ்டைலிஸ்டிக்ஸ் என்று பெயராம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, பாட்டுக்குத் தலைசீவிப் பார்க்கிற படிப்பு போலிருக்கிறது என்றார். சித்தி, கிட்டத்தட்ட அதேதாங்க மாமா, ஆனால் நாங்கள் சீவிவிடுவதில்லை, எப்படிச் சீவியிருக்கிறது என்று பார்க்கிறோம் என்றாள்.

முதல் வாரம் அவள் இங்கிலீஷுக்கே போகவில்லை. பஸ் கண்டக்டர் கத்துவதையும் கல்யாணப் பத்திரிகையில் எழுதியிருப்பதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். கண்டக்டர் ஏன் முழு வாக்கியம் பேசுவதில்லை, பத்திரிகையில் ஏன் சாப்பிட வாருங்கள் என்று போடுவதில்லை என்று கேட்டாள். பத்திரிகையைப் போலக் கண்டக்டர் பேசினால் எப்படி இருக்கும் என்று சாந்தாமணி எழுந்து பேசிக் காட்டினாள். தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ உள்ளே தள்ளி நிற்குமாறு அன்புடன் வேண்டுகிறேன் என்று அவள் சொன்னது பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டது. சாந்தாமணி எனக்குப் பக்கத்தில் உட்கார்பவள், எங்கள் தெருதான். தெருவிலேயே பெரிய தொண்டை அவளுடையது.

அப்படி விளையாட்டுப்போலவே இங்கிலீஷுக்குள் போய்விட்டோம். யாருக்கும் இங்கிலீஷ் நன்றாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயம் போய்விட்டது. மத்தியானம் தூங்குகிறவர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு பேசினார்கள், கடைசியில் வாயை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் முடிவில் ஒரு நாள் வரவேண்டியிருந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சித்தி பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் சரி என்று எழுதினால்தான் பட்டம். வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திக்கு ஜூன் மாதம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் இல்லாவிட்டால் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும். அந்தப் பேராசிரியருக்கு ஒரே ஒரு விஷயம் பிடிக்காது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்து, அவர் வரும்போது புதிதாகக் கேட்பதுபோல நடத்தினால் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். முந்தின வருஷம் ஒருவருக்கு அப்படி நடந்து, அவர் மறுபடியும் ஒரு வருஷம் படித்தாராம். சித்தி இதைச் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்த நாளுக்குப் பாடப் புத்தகப் பாட்டு வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். அதற்கெல்லாம் கைடு இருக்கிறது. யாரும் பார்க்காத பாட்டாக இருக்கவேண்டும். எங்கிருந்தோ ஒரு சின்னப் பாட்டைக் கொண்டுவந்தாள். பெரிய வெள்ளை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதி, கடைசி வார்த்தையை மட்டும் எழுதாமல் கோடு போட்டு விட்டாள். அந்த இடத்தில் என்ன வார்த்தை இருக்கும் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லவேண்டும். ஏன் அந்த வார்த்தை என்று பாட்டையே சாட்சியாகக் காட்டிப் பேசவேண்டும். கடைசியில்தான் கவிஞர் போட்ட வார்த்தையைச் சொல்வாள். அதுதான் திட்டம்.

பாட்டு இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

சத்தம் நிற்கிறது.
ஒரு விளக்கு தலை தூக்குகிறது.
ஒரு நாய் திரும்பிப் பார்க்கிறது.
ஒரு கை தட்டின்மேல் அப்படியே நிற்கிறது.
ஒரு கதவு கொஞ்சம் திறக்கிறது.
சுவர்கள் காதுகொடுத்துக் கேட்கின்றன.
வீடு, மெல்ல,

அதற்குமேல் கோடு. அந்தக் கோட்டில் கவிஞர் போட்ட வார்த்தை ஸ்லீப்ஸ். தூங்குகிறது.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மாவால் தெரியும்.

சித்தி ஒரு வாரமாக வீட்டில் பாடத்தைப் பேசிப் பார்த்தாள். பீரோக் கண்ணாடிதான் வகுப்பு. அம்மா மாவாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு பழகியவள். கண்ணாடி முன்னால் நின்று சித்தி ஒரு கேள்வி கேட்கிறாள், கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள், பிறகு ஸ்லீப்ஸ் என்கிறாள், அப்போது அவள் முகம் தெளிகிறது. இதுதான் பதில் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

அம்மாவின் கணக்கில் பேராசிரியர் வருவது பெண் பார்க்க வருவது மாதிரிதான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கேட்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் ஒருவர் தெருவில் இறங்கி மளிகைக் கடையில், குழாயடியில், எதிர்வீட்டில் விசாரித்துக்கொண்டு வருவார். அப்போது தெருவே ஒரே வார்த்தையாகச் சொல்லவேண்டும். ஒருவர் ஒன்று, இன்னொருவர் வேறு என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் போயிற்று. அதனால் நல்ல தெருவில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அது பொய்யில்லை, மரியாதை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறாள். தன் தங்கைக்குச் செய்யாமல் இருப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போடுவார்கள். தெருவில் டிவி உள்ள வீடுகள் குறைவு. என் வகுப்புப் பிள்ளைகள் பலரும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் செய்தி வந்தபோது சித்தி புடவைக்கு இஸ்திரி போட வெளியே போயிருந்தாள். அம்மா ஒரு முறம் நிறைய அவித்த நிலக்கடலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நாளைக்கு எங்க அம்மணி அந்தக் கோட்டைக் காட்டிக் கேக்கறப்ப எல்லாரும் ஸ்லீப்ஸுன்னு சொல்லிப்போடோணும் கண்ணுகளா. ஒருத்தரு வாயும் மாறக்கூடாது."

சாந்தாமணி வாயில் கடலையோடு, நாங்க பாத்துக்கறமுங்க அக்கா என்றாள். அவள் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிவதற்குள் வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கும் அதில் சந்தோஷந்தான். சித்தி ஜெயிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சித்திக்கு ஒன்றும் தெரியாது. அவள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, அம்மாவின் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பேராசிரியர் பஸ்ஸில் வந்தார். ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், ஒரு தோல்பையோடு இருந்தார். கடைசி பெஞ்சில் இருந்த பையன்களிடம், கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி என்று சொல்லி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

சித்தி அட்டையை ஆணியில் மாட்டினாள். பாட்டை இரண்டு தடவை வாசித்தாள். சத்தமில்லாத பாட்டு என்பதால் மெதுவாக, ரகசியம் சொல்வதுபோல வாசித்தாள். பிறகு கோட்டைத் தொட்டுக் காட்டி, இங்கே என்ன வார்த்தை வரலாம், அவசரமில்லை, யோசித்து ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றாள்.

வகுப்பே சேர்ந்து ஸ்லீப்ஸ் என்றது.

எங்கள் தொண்டையைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. ஓட்டுக்கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பக்கத்து வகுப்பு வாத்தியார் கையில் சாக்குக்கட்டியோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். தூங்குகிறது என்ற வார்த்தையை உலகத்தில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. கையில் இருந்த குச்சியைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருந்தாள். பின்னால் பேராசிரியர் பேனாவின் மூடியைப் போட்டார்.

"ஒத்திகை நல்லாப் பாத்திருக்கீங்கம்மா."

அவர் திட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. பையை மடியில் எடுத்து வைத்தார். சித்தி, அஞ்சு நிமிஷம் இருங்க சார் என்று சொன்னாள். குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவு சின்னதாக இருந்தது. அவர் எழுந்திருக்கவும் இல்லை, பேனாவைத் திறக்கவும் இல்லை.

சித்தி எங்களைப் பார்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாள் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் கேட்கவில்லை. அட்டைக்குப் பக்கத்தில் பலகையில் ஸ்லீப்ஸ் என்று பெரிதாக எழுதினாள்.

"சரி, கவிஞர் இதைத்தான் போட்டிருக்காரு. அவரு போட்டுட்டா ஆச்சா? இந்த வார்த்தைக்கு இங்க என்ன வேலை?"

அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்கொடுக்கவில்லையே. தூரத்தில் யார் வீட்டுத் தறியோ ஓடுவது கேட்டது. சித்தி விடவில்லை. வழக்கம்போல, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பொறுக்கச் சொன்னாள். அது எங்களுக்குப் பழகின விளையாட்டு. விளக்கு தூக்குகிறது, நாய் திரும்புகிறது, கதவு திறக்கிறது, சுவர் கேட்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். கடைசியில் ஸ்லீப்ஸ். எழுதிவிட்டுத் தள்ளி நின்றாள்.

சாந்தாமணி அந்த வரிசையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை தின்ற வாய் என்பதால் அதுவரை பொறுத்திருந்தாள் என்று நினைக்கிறேன். எழுந்துவிட்டாள்.

"எல்லாரும் எந்திரிச்சு நிக்கறப்ப ஊடு மட்டும் எப்படீங்க டீச்சர் படுக்கும்?"

சித்தி திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மேலே சொல்லு என்றாள்.

சாந்தாமணி சொன்னாள். அவள் வீட்டில் தம்பிப் பாப்பாவைத் தறிக்கூடத்தில்தான் தூளி கட்டிப் போடுவார்கள். தறி ஓடுகிற வரைக்கும் அசையமாட்டான். கரண்ட் போய்த் தறி நின்றதும் வீரிட்டு அழுதுகொண்டு எழுந்துவிடுவான். அப்படியிருக்க, சத்தம் நின்றதும் வீடு தூங்குகிறது என்று எழுதினவருக்கு வீட்டில் குழந்தையே இல்லையா என்று கேட்டாள். இதை இங்கிலீஷில் சொல் பார்க்கலாம் என்றாள் சித்தி. பேபி கெட் அப் டீச்சர், பேபி க்ரை, ஹோல் ஹவுஸ் க்ரை என்றாள் சாந்தாமணி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒரு பையன், விளக்கு தலை தூக்குகிறது என்றால் கரண்ட் போய் சிம்னி விளக்கைப் பொருத்துகிறார்கள் என்று அர்த்தம், எனவே இது நம் ஊர்தான் என்றான். இன்னொருவன், தட்டில் நிற்கும் கை அவன் அப்பாவுடையது, அவர்தான் சாப்பாட்டின் நடுவில் எழுந்து எந்தத் தறி நின்றது என்று பார்க்க ஓடுவார் என்றான். ஸ்லீப்ஸை அழி, வேக்ஸ் என்று போடு, விழிக்கிறது என்று போடு என்று வகுப்பு முழுக்க ஒரே கத்தல். கவிஞர் செய்தது தப்பு என்று தீர்மானமே ஆகிவிட்டது.

இதைப் பேராசிரியரால் தாங்க முடியவில்லை. பையை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். இது இங்கிலாந்தில் ஏதோ ஒரு மில் ஊரைப் பற்றிய பாட்டாக இருக்கும், கவிஞர் காரணமில்லாமல் போடமாட்டார் என்று இங்கிலீஷில் சொன்னார். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை என்றதும் நம் பாஷைக்கு வந்துவிட்டார். எல்லாம் ஒரு பக்கமாகப் போகிறபோது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால்தான் நம் கண் அதன்மேல் போய் நிற்கும், அதற்காகவே கவிஞர் அப்படி வைத்திருக்கிறார் என்றார்.

சாந்தாமணி உட்காரவேயில்லை. "அப்படி ஒரு நூலு எதிர்ப்பக்கம் போச்சுன்னா எங்க மேஸ்திரி துணியவே கழிச்சுப்போடுவாருங்க சார்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் பேராசிரியரும் சிரித்துவிட்டார். சித்தி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பாவம், கவிஞர் பக்கம் பேச இந்த வகுப்பில் ஒருவருமே இல்லையா என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கவிஞரை நினைத்துப் பரிதாபமாகிவிட்டது. எங்கேயோ இருக்கிறவர். இங்கே வந்து தனக்காகப் பேச முடியாதவர். பேசமுடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. நான் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால், என்ன குரல் வரப்போகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"அவரு விருந்தாளியா இருப்பாருங்க," என்றேன்.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று பேராசிரியர் கேட்டார். அந்தக் கேள்விக்கு சித்தி எங்களைப் பழக்கியிருந்தாள். பாட்டைக் கையால் காட்டினேன். பாட்டு முழுக்க என் என்ற வார்த்தையே இல்லை. ஒரு நாய், ஒரு கை, ஒரு கதவு என்றுதான் இருக்கிறது. சொந்த வீடாக இருந்தால் நாய்க்குப் பெயர் இருக்கும். அது யார் கை என்று தெரிந்திருக்கும். இவர் எல்லாவற்றையும் இப்போதுதான் பார்க்கிறார். வீட்டுக்காரர்களுக்குத் தறி நின்றால் முழிப்பு வரும், புதிதாக வந்து தங்குகிறவர்களுக்குத் தறி நின்றால்தான் தூக்கம் வரும். அவர் தனக்கு வந்த தூக்கத்தை வீட்டுக்கு வந்ததாக எழுதிவிட்டார். இவ்வளவையும் இத்தனை ஒழுங்காகச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். திக்கித் திக்கி, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாந்தாமணி என் தொடையில் கிள்ளி, ஏண்டி, இத்தன நாளா இந்த வாயை எங்க வெச்சிருந்தே என்றாள். அவள் ரகசியமாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பேராசிரியர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். எழுத்தே இல்லாத ஒரு மூலையை வெகுநேரம் துடைத்தாள்.

மணி அடித்த பிறகும் பையன்கள் வெளியே ஓடவில்லை. பேராசிரியரைச் சுற்றி நின்று வேக்ஸ்தானுங்க சார் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தியிடம் வந்தார். யார் எழுதிய பாட்டு என்று கேட்டார். பெயர் போடவில்லை, ஒரு தாளில் கிடைத்தது என்று சித்தி சொன்னாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஒத்திகை பாத்த வகுப்பு இப்படி வாத்தியாரோட சண்டைக்கு வராதுங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதெல்லாம் சரி, அந்த ஒரு வார்த்தை மட்டும் வகுப்புக்கே எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சாந்தாமணி பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். சித்தி அவளிடம் சொம்பைக் கொடுத்து, ஓடிப்போய் சாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்பதாம் வகுப்பு. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வயதில்லை. ஆனாலும் விடவில்லை. பேக்கரியில் நிறுத்தி ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கினாள். விருந்தாளி என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று மறுபடி மறுபடி கேட்டாள். தெரியலீங்க சித்தி, பாத்தா அப்படித் தெரிஞ்சுதுங்க என்றேன். அதற்கு எதற்கு அவ்வளவு சிரிக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சித்தி சேதியைச் சொல்வதற்கு முன்னாலேயே, பிள்ளைகள் எல்லாம் ஒரே வார்த்தையாகச் சொன்னார்களா என்று கேட்டாள். சித்தி கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லாரும் ஒரே வார்த்தைதான் அக்கா, உன்னாலதான் பாஸாயிட்டேன் என்றாள். அம்மா அதை நம்பினாள். இன்றைக்கும் நம்புகிறாள். யாருக்காவது நல்லது நடக்கவேண்டும் என்றால் நிலக்கடலை அவித்துக் கொடுக்கிறாள்.

அன்று சாயங்காலம் கேசரி கிண்டினார்கள். அப்பா தறிக்கூடத்திலிருந்து பஞ்சு படிந்த தலையோடு வந்து, சீவுகிற படிப்பு பாஸா என்று கேட்டு ஒரு கரண்டி கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். சித்தி அந்த அட்டையை முன்னறையில் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் இருந்த கோட்டின்மேல் மெதுவாக எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். வேக்ஸ் என்று எழுதியிருந்தாள்.

எனக்குத் திக்கென்றது. இன்னொருவர் எழுதிய பாட்டு. வகுப்பில் சண்டை போடுவது வேறு, அட்டையில் மாற்றி எழுதுவது வேறு. அதுவும் அவர் பக்கம் எழுந்து பேசினவள் நான்.

"சித்தி, தப்புங்க. அவரு ஸ்லீப்ஸுன்னுதானுங்களே போட்டிருக்காரு?"

சித்தி நிமிரவில்லை. பேனாவால் அந்த எழுத்துகளை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டிருந்தாள்.

"அது வந்த புதுசுல கண்ணு. இப்ப அவங்களும் அந்த ஊட்டு ஆளாயிட்டாங்க."

நான் சரிங்க என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பெயர்கூடத் தெரியாத ஒருவரைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாளே, அவர் எப்போது சித்திக்குத் தகவல் அனுப்பினார் என்றுதான் அப்போது எனக்கு யோசனை போனது.